கிடைக்காத நீலத் துண்டு

அந்தத் தொழிற்சாலையில் சாப்பிடுகிற பொருளைத் தவிர மீதி எல்லாமே நீலம். கையுறை நீலம், தலையில் மாட்டுகிற வலை நீலம், தரை துடைக்கிற துணி நீலம், விரலில் வெட்டுப்பட்டால் ஒட்டுகிற பிளாஸ்திரி நீலம், பேனா மூடிகூட நீலம். பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்து கொதித்துச் சுண்டினால் வருவது பழுப்பு நிற டாஃபி. அதில் நீலமாக ஏதாவது விழுந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்பதுதான் ஏற்பாடு. யார் கண்ணிலும் படாமல் போனால் என்ன செய்வது என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கலவை அக்கா அங்கே பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கலவை அறையில் இருக்கிறவள், அதனால் கலவை அக்கா. பெட்டிகளைத் தூக்கி இறக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்காரர் அவளைவிட எட்டு வயது மூத்தவர்; அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த மனுஷனுக்கு அங்கே 'ஹாரன்' என்று பெயர். ஆளே இல்லாத மூலையில் திரும்பும்போதும் இரண்டு தடவை ஹாரன் அடிக்காமல் திரும்ப மாட்டார். கேட்டால், "சுவருக்கு ஒரு மரியாதை குடுக்க வேண்டாமா?" என்பார்.

முன்பெல்லாம் கலவை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். புது இயந்திரம் வந்த வருஷம் மற்ற இரண்டு பேரையும் பேக்கிங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவள் மட்டும்தான். மதிய ஷிப்டில் கலவை கிடையாது, வெட்டிக் காகிதம் சுற்றுகிற வேலைதான். பெரிய கொப்பரை ஒன்று, அதற்குள் சுற்றுகிற துடுப்புகள், பால் பவுடர் டிரம்கள், ஒரு தராசு, சுவரில் ஒரு பலகை. இரைச்சலுக்குக் காதில் பஞ்சடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவள் காதில் விழுந்ததெல்லாம் அவளுடைய மூச்சுச் சத்தம்தான். சில நாள் வாய்விட்டுப் பாடுவாள். நன்றாகப் பாடினாளா மோசமாகப் பாடினாளா என்று அவளுக்கே தெரியாது.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. வேலைக்குக் கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமல் வந்துவிடுவாள். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தியோ விளம்பரமோ, எதுவானாலும் சரி.

அந்த வீடு எப்போதும் அப்படி இருந்ததில்லை. அவளுடைய தம்பிக்குக் கப்பலில் வேலை. தம்பி மனைவி இறந்தபோது அவர்கள் பெண்ணுக்கு நாலு வயது. "ஆறு மாசம் பார்த்துக்கோ அக்கா, ஏதாவது வழி பண்ணிடறேன்" என்று தம்பி குழந்தையைக் கொண்டுவந்து விட்டான். அந்த ஆறு மாசம் பதினைந்து வருஷம் நீண்டது. குழந்தையைப் பாப்பா என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துப்போயிற்று. பாப்பாவுக்கு ஜுரம், பாப்பாவுக்குப் பரீட்சை, பாப்பாவுக்கு முதல் வேலை என்று காலம் ஓடியதில் கலவை அக்காவைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரும் ஓடிப்போனார்கள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. பிறகு தம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊரில் தங்கிவிட்டான். பாப்பா நாலு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில், காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தாள்.

முதல் வருஷம் தினமும் போன் வந்தது. அப்புறம் வாரம் ஒரு தடவை. அப்புறம் வந்தால் உண்டு. இதையெல்லாம்கூடக் கலவை அக்கா தாங்கிக்கொண்டாள். ஒரு நாள் போனில் பேசி வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சின்ன வயதிலிருந்து "அத்தை, நீ வா, நீ போ" என்று பேசிக்கொண்டிருந்தவள் "நீங்க எப்படி இருக்கீங்க அத்தை?" என்று கேட்டிருந்தாள். எப்போது மாறியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மரியாதை கூடினால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

மாதக் கடைசியில் தொழிற்சாலையில் ஆளுக்கு இரண்டு பாக்கெட் டாஃபி தருவார்கள். கலவை அக்கா இரண்டையும் அப்படியே பாப்பாவுக்குப் பார்சல் அனுப்பிவிடுவாள். பல் முளைத்த நாளிலிருந்து பாப்பாவுக்கு டாஃபி என்றால் உயிர். தூங்கும்போதுகூட கன்னத்தில் ஒன்றை அடக்கி வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் பாப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "அத்தை, இன்னிக்கு ரெண்டேகாலுக்கு கூப்பிடறேன். நிறைய பேசணும்."

நிறைய பேசணும் என்ற அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு கலவை அக்கா எட்டு மணி நேரம் ஓட்டினாள். கல்யாணச் சேதியாக இருக்குமோ? வேலை மாறுகிறாளோ? இங்கேயே திரும்பி வரப்போகிறாளோ? அன்றைக்குப் பால் பவுடர் வேறு ஈரம் பட்டுக் கட்டிகட்டியாக இருந்தது. விதிப்படி கட்டியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஆனால் முன்பு எல்லோரும் செய்ததுபோல அவளும் ஸ்கூப்பின் ஓரத்தால் நான்கு தட்டுத் தட்டி உடைத்துக் கொப்பரையில் போட்டாள். ஸ்கூப் என்பது பவுடரை அள்ளுகிற கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பாத்திரம். அதுவும் நீலம்தான்.

ஷிப்ட் முடியும்போது நாலு ஸ்கூப்பையும் சுவர்ப் பலகையில் மாட்ட வேண்டும். பலகையில் ஒவ்வொரு ஸ்கூப்பின் உருவமும் கோட்டால் வரைந்திருக்கும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, உடைசல் இல்லை என்று படிவத்தில் டிக் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தவள் அவள். அன்றைக்கு மணி இரண்டு எட்டு. போன் லாக்கரில் இருந்தது. உள்ளே கொண்டுவர அனுமதி கிடையாது. லாக்கர் அறை கட்டடத்தின் அடுத்த கோடியில். அவள் ஸ்கூப்புகளை மாட்டினாள், நாலு டிக்கையும் ஒரே மூச்சில் போட்டாள், ஓடினாள்.

இரண்டேகாலுக்குப் போன் வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. லாக்கர் அறை பெஞ்சில் அடுத்த ஷிப்ட்காரர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலையில் ஒரு செய்தி வந்தது. "சாரி அத்தை, மீட்டிங் மேல மீட்டிங். இன்னொரு நாள்."

மறுநாள் காலை முதல் டிரம்மைத் திறந்து ஸ்கூப்பை எடுத்தபோது அதன் ஒரு மூலை இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு, கடித்துத் துப்பினது மாதிரி ஒரு இடைவெளி.

அப்போதே மணியடித்து இயந்திரத்தை நிறுத்தியிருக்கலாம். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் செய்தது வேறு. டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினாள். தரையெல்லாம் மண்டியிட்டுத் தேடினாள். பெருக்கும்போது குப்பையோடு போயிருக்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது தடவையும் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது தடவை சொல்லும்போது ஸ்கூப் அவளுடைய கோட்டுக்குள் இருந்தது. அலமாரியிலிருந்து புதிய ஸ்கூப் ஒன்றை எடுத்துப் பலகையில் மாட்டினாள். பழையதைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுச் சமையலறையின் கீழ்த்தட்டில், யாரும் பார்க்காத இடத்தில் வைத்தாள். அந்த வீட்டில் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து மாதக் கடைசி பாக்கெட் கொடுத்தார்கள். பழக்க தோஷம், அன்றைக்கே பாப்பாவுக்குப் பார்சல் போட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் எல்லா ஷிப்ட்காரர்களையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி முப்பது வயதுப் பெண். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவள். திரையில் ஒரு படத்தைப் போட்டாள். ஒரு ரூலர், அதன் பக்கத்தில் ஒரு நீலத் துண்டு. ஒரு பக்கம் வழவழப்பாக வளைந்திருந்தது, மறுபக்கம் ரம்பம் மாதிரி இருந்தது.

"ஆறு வயசுக் குழந்தை வாயில இருந்து எடுத்தது" என்றாள் அதிகாரி. "ஈறு கிழிஞ்சிருக்கு. ஒரு பல்லு ஓரம் பேந்திருக்கு. அந்த வாரத்துச் சரக்கு எல்லாத்தையும் கடைகள்ல இருந்து திரும்ப வரவழைக்கிறோம். வாங்கினவங்க சாப்பிட வேண்டாம்னு இன்னிக்கு மதியம் அறிவிப்புப் போகுது. யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க."

கூடத்தில் இருநூறு பேர். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கலவை அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். சுவரில் ஒட்டிய அறிவிப்பில் பேட்ச் எண்களை, எந்தக் கொப்பரைச் சரக்கு என்று காட்டுகிற எண்களை, படித்தாள். முதல் எண்ணைப் பார்த்ததும் குழந்தை மறந்துபோயிற்று, தொழிற்சாலை மறந்துபோயிற்று, தலைக்குள் பார்சல் ஒன்றுதான் நின்றது. பாப்பாவுக்குப் பார்சல் கட்டும்போது இரண்டு பாக்கெட்டில் ஒன்றின்மேல் கண்ணில் பட்டது அந்த எண்தான்.

லாக்கர் அறைக்கு ஓடிப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். மறுபடியும். பிறகு ஒரு செய்தி எழுதினாள். "நான் அனுப்பின டாஃபியைச் சாப்பிடாதே. பிளாஸ்டிக் இருக்கலாம். உடனே போன் பண்ணு."

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம்.

சரி, சாப்பிட மாட்டேன் என்கிறாளா? சாப்பிட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்கிறாளா? "சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் இல்லை. கட்டைவிரலை உற்று உற்றுப் பார்த்தாள். அது மேல்நோக்கி நின்றுகொண்டே இருந்தது.

மறுநாள் காலை அதிகாரியின் மேஜைமேல் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள்.

"மேடம், இது என்னோட ஸ்கூப்."

அதிகாரி அதைத் தொடாமல் பார்த்தாள். "எங்க இருந்துச்சு இது?"

"வீட்ல."

"எத்தனை நாளா?"

"உடைஞ்ச மறுநாள்ல இருந்து."

"படிவத்துல நாலும் சரியா இருக்குன்னு டிக் போட்டிருக்கீங்களே அக்கா."

"பார்க்காம போட்டேன்."

அதிகாரி படிவத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு கொப்பரையோட முடிஞ்சிருக்கும். லாரியே ஏறியிருக்காது" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கலவை அக்காவுக்கு.

"அந்தக் குழந்தை…?"

"நல்லாத்தான் இருக்கு. டாஃபின்னா இப்போ பயப்படுதாம்."

உடைந்த மூலையையும் படத்திலிருந்த துண்டையும் வைத்துப் பார்த்தபோது, அந்தத் துண்டு இடைவெளியில் கால்வாசியைக்கூட நிரப்பவில்லை. மீதியைத் துடுப்புகள் அரைத்துப் பல துண்டுகளாக்கியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே பேட்சில் இருக்கிறதா, அடுத்தடுத்த நாட்களுக்கும் பரவியிருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். திரும்பி வருகிற டாஃபிகளை வெந்நீரில் கரைத்து, வடிகட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

"விசாரணை முடியற வரைக்கும் உங்களைக் கலவை ரூமுக்கு அனுப்ப முடியாது. இந்த வேலையைச் செய்வீங்களா? உங்களுக்கு அந்த ஸ்கூப்போட ஒவ்வொரு கீறலும் தெரியும்" என்றாள் அதிகாரி.

பழைய அட்டைப்பெட்டிக் கிடங்கில் ஒரு ஓரமாக அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். நீராவிக் குழாய் இணைத்த இரண்டு தொட்டி, ஒரு நுண் சல்லடை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு விளக்கு. லாரிகள் வரத் தொடங்கின. பத்தொன்பது வருஷமாக வெளியே போகிற டாஃபியை மட்டும் பார்த்தவள் இப்போது அது திரும்பி வருவதைப் பார்த்தாள். முழுப் பெட்டிகள், உடைத்த பெட்டிகள், பாதி காலியான பாக்கெட்டுகள். பேட்ச் எண் பார்த்துப் பிரித்து, ஒவ்வொரு டாஃபியின் காகிதத்தையும் உரித்து, தொட்டியில் கொட்டி, கரையும்வரை கிளறி, சல்லடையில் ஊற்றுவாள். பழுப்புத் தண்ணீர் வடிந்து போகும். சல்லடையில் ஒன்றும் இருக்காது. மறுபடியும் உரிப்பாள்.

ஒரு பாக்கெட்டில் ஆறே ஆறு டாஃபிதான் இருந்தது. கூடவே ஒரு காகிதம். "மீதியைச் சாப்பிட்டுவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது." கலவை அக்கா அந்த வாரத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான். யாரிடமாவது காட்டலாம் என்று நிமிர்ந்து பார்த்தாள். அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன.

காட்டுவதற்கு ஆள் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. சரக்குத் திரும்புவதால் மதிய ஷிப்டை மூன்று வாரம் நிறுத்தியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டோடு போய் உட்கார்ந்தால், எதிரே இருப்பவர்கள் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். பேக்கிங் பக்கம் இருந்த ஒருத்தி, முன்பு கலவை அறையில் அவளோடு ஏழு வருஷம் நின்றவள், காதுபடவே சொன்னாள்: "ஒருத்தி கண்ணை மூடிட்டு டிக் போடுவாளாம், மதிய ஷிப்ட்காரங்க எல்லாரும் வீட்ல உட்காரணுமாம்." கலவை அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லையே. மறுநாளிலிருந்து டப்பாவைக் கிடங்குக்கே கொண்டுபோய்ச் சாப்பிட்டாள்.

ஹாரன் மட்டும் பேசினார். பெட்டிகளை இறக்கிவிட்டு வண்டியிலிருந்து இறங்காமலே நிற்பார்.

"கிடைச்சுதா அக்கா?"

"இல்லண்ணே."

"கிடைக்கும். போன மாசம் என் கண்ணாடிய மூணு நாள் தேடினேன்."

"எங்க இருந்துச்சு?"

"மூக்கு மேல."

நம்ப முடியாத பொய். இருந்தாலும் அந்தப் பொய்யைச் சொல்வதற்காக ஒரு மனுஷன் வண்டியை நிறுத்துகிறார் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் முதல் துண்டு கிடைத்தது. வெள்ளைத் தட்டில், அரை நகம் அளவு நீலம். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி வந்து இடுக்கியால் எடுத்து ஸ்கூப்பின் உடைந்த ஓரத்தில் வைத்தபோது கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்து ஒரே நாளில் இரண்டு. குழந்தை வாயில் இருந்ததையும் சேர்த்து ஆறு. எல்லாம் ஒரே பேட்ச். ஆறையும் அடுக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை மட்டும் மிச்சம். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.

அந்த முக்கோணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கட்டைவிரல் படம் ஞாபகம் வந்தது. பாப்பாவிடமிருந்து இன்னும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலைப் பிடித்தாள்.

அந்த வீட்டுக்கு அவள் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள். லிஃப்டில் எந்த மாடி என்று மறந்து, இரண்டு கதவைத் தப்பாகத் தட்டினாள். மூன்றாவது கதவைப் பாப்பாவே திறந்தாள். தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள்.

"அத்தை! என்ன திடீர்னு? சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேனே."

"வாயைத் திற."

"என்னது?"

"வாயைத் திறடி."

இருபத்தாறு வயதுப் பெண் வாசலில் நின்று வாயைத் திறந்தாள். கலவை அக்கா தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் தாடையை விடவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. நான்தான் தம்ஸ் அப் போட்டேனே."

"அந்த பாக்கெட் எங்க?"

பாப்பா கொஞ்சம் தயங்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, துணி அலமாரியின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுத்தாள். ஐந்து பார்சல். ஐந்தும் கலவை அக்காவின் கையெழுத்தில். ஒன்றின்மேல்கூட கத்தரி படவில்லை. அடியில் இருந்ததன்மேல் தூசி படிந்திருந்தது.

"பிரிக்கவே இல்லையா?"

"சாரி அத்தை. நான் இனிப்பு சாப்பிடறதை விட்டு நாலு வருஷம் ஆச்சு. சாப்பிட்டா தலைவலி வருது. முன்னாடி எல்லாம் ஆபீஸ்ல எடுத்துட்டுப் போய் குடுத்துடுவேன். இப்போ அதுக்கும் நேரம் இல்ல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அனுப்ப மாட்டீங்க" என்றாள் பாப்பா. "பார்சல் வந்தா நல்லா இருக்கும்."

அது உண்மையா, உபசாரமா என்று கலவை அக்காவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரிக்காத பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி முதலில் வந்தது. ஏன் ஒன்றும் ஆகவில்லை என்கிற எண்ணம் அதன் பின்னாலேயே வந்தது. நாலு வருஷம். நாற்பத்தெட்டு மாதக் கடைசி. யாரோ ஒரு பாப்பாவுக்கு, எப்போதோ இருந்த பாப்பாவுக்கு, அவள் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாப்பா ரொட்டி சுட்டு, முட்டை பொரித்துக் கொடுத்தாள். கலவை அக்கா நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"எப்படி அத்தை? நீங்க எதையும் மூணு தடவை பார்ப்பீங்களே. கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்ப்பீங்க."

"அன்னிக்குப் பார்க்கல."

"ஏன்?"

கலவை அக்கா முட்டையை ஓரத்திலிருந்து வெட்டினாள். வாய் வரை வந்த பதிலை வாயிலேயே வைத்து மென்றாள். சொன்னால் பாரத்தில் பாதியை இந்தப் பெண்ணின் தலையில் இறக்கி வைத்த மாதிரி ஆகும். இறக்கி வைத்தால் இறங்கியும் விடும். அதுதான் பயமாக இருந்தது.

"ஏதோ அவசரம்" என்றாள். பிறகு கேட்டாள்: "நீ நிறைய பேசணும்னு எழுதியிருந்தியே, என்ன அது?"

"எப்போ?" பாப்பா யோசித்தாள். "ஓ, அதுவா? ஆபீஸ்ல ஒரு பிரச்சனை. அது அப்பவே முடிஞ்சு போச்சு அத்தை."

மூன்று மணிக்குப் பாப்பாவுக்குத் தோழிகளோடு எங்கோ போக வேண்டியிருந்தது. "இருங்களேன், நைட் வந்துடுவேன்" என்றாள். நாளைக்கு வேலை இருக்கிறது என்று கலவை அக்கா கிளம்பினாள். ஐந்து பார்சலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. பை மடியில் கனத்தது. எதிரில் இருந்தவர், "ஊருக்கு வாங்கிட்டுப் போறீங்களா?" என்று விசாரித்தார். "ஆமா" என்றாள்.

திங்கட்கிழமை அந்த ஒரு பாக்கெட்டைத் தனியாகக் கரைத்தாள். நாற்பது டாஃபி. சல்லடையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் வடிகட்டினாள். ஒன்றும் இல்லை.

அந்த ஏழாவது துண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. யாராவது விழுங்கியிருக்கலாம், யாராவது துப்பியிருக்கலாம், எங்கோ ஒரு வீட்டில் அலமாரியின் தலையில் இருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வாரத்தின் முதல் இரண்டு நாள் சரக்கையும் திரும்ப எடுத்து அழித்தார்கள். "ஒரு துண்டு கணக்கில் வரவில்லை" என்று அறிக்கையில் எழுதிவிட்டு, விசாரணையை முடித்தார்கள்.

முடிவுக் கடிதத்தை அதிகாரியே கொண்டுவந்து கொடுத்தாள்.

"பார்க்காம டிக் போட்டதுக்கு எச்சரிக்கைதான் அக்கா. எடுத்துட்டுப் போய் ஒளிச்சு வச்சதுக்கு வேலையை விட்டு எடுக்கறாங்க. நான் பேசிப் பார்த்தேன்."

"நியாயம்தானே மேடம்" என்றாள் கலவை அக்கா. அவள் மனதாரத்தான் சொன்னாள். ஒளித்தவளை மறுபடியும் கொப்பரை முன்னால் நிறுத்த அவளே சம்மதித்திருக்க மாட்டாள்.

"இன்னொண்ணு. அந்தக் குழந்தையோட அம்மா நேத்து போன் பண்ணினாங்க. அந்தப் பேந்த பல்லு தானாவே விழுந்துடுச்சாம். பால் பல்லு. புதுசு முளைக்குதாம்."

கலவை அக்கா அப்போதுதான் அழுதாள். கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு அழுதாள். அன்றைக்கு ஹாரனுக்கு விடுமுறை. பேக்கிங் பக்கம் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். வாசலில் காவலாளி வழக்கம்போலப் பையைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை, போகலாம் என்று தலையசைத்தார்.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு மாதத்தில் ரேடியோக்காரர்கள் எத்தனை தடவை அதே விஷயத்தைத் திரும்பப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டாள். மாதக் கடைசி வந்தபோது கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றாள். என்ன அனுப்புவது? சோப்பா, சாக்ஸா, கைப்பையா? இந்தப் பாப்பாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் வெறுங்கையோடு திரும்பிவந்து செய்தி அனுப்பினாள். "உனக்கு இப்போ என்ன பிடிக்கும்?" மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "எதுவும் அனுப்ப வேண்டாம் அத்தை. முடிஞ்சா நீ வா."

நீ வா என்றுதான் இருந்தது. தெரிந்து எழுதினாளோ, அவசரத்தில் எழுத்து விட்டுப்போனதோ. கலவை அக்கா அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள். இன்னும் போகவில்லை. அதற்குள் வேலை கிடைத்துவிட்டது, முதல் ஆறு மாதம் விடுப்புக் கிடையாது.

ஒரு பெரிய மருத்துவமனையின் துணி அறையில் வேலை. துவைத்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். இயந்திரம் இருக்கிறது, பாதி நாள் ஓடாது. கையால் மடிப்பதென்றால் ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிக்கிறவள் வாயாடி. மருமகன் பேச்சையே காலையில் தொடங்கி மாலையில் முடிப்பாள். இங்கே காதில் பஞ்சடைப்பான் கிடையாது. முதல் வாரம் கலவை அக்காவுக்குத் தலையே வலித்தது.

ஒரு நாள் அவள் கேட்டாள், "உங்களுக்கு யார் இருக்காங்க?"

"மருமக ஒருத்தி இருக்கா."

"அப்படியா? பையன் எங்க வேலை பார்க்கறான்?"

"பையன் இல்ல. தம்பி பொண்ணு."

"ஓ, அந்த மருமகளா! அடிக்கடி பேசுவாளா?"

"அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்றாள் கலவை அக்கா.

இருவரும் விரிப்பின் முனைகளைப் பிடித்து ஒரு உதறு உதறினார்கள். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள், முனைகள் சேர்ந்தன. கலவை அக்கா மடித்ததை வாங்கி அடுக்கின்மேல் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கக் குனிந்தாள்.